முயல் வளைக்கா, வீட்டுக்கா? ஃபெரெட் வாங்கும் முன்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, எனக்குத் தம்பி முறையாகிவிட்ட நண்பர் ஒருவர் போன் செய்தார். இங்கிலாந்தில் லீட்ஸ் நகருக்கு வடக்கே அலாட்மென்ட் தோட்டம் (காய்கறி போட வாடகைக்குத் தரும் துண்டு நிலம்) எடுத்திருக்கிறார். போட்ட பீன்ஸும் கீரையும் கொத்தமல்லியும் தலைதூக்கும் முன்பே முயல்கள் மேய்ந்து முடித்துவிட்டன. "அக்கா, நீங்கதான் ஃபெரெட் வளர்க்குறீங்களே. ஒண்ணு வாங்கினா முயல் தொல்லையும் தீரும், பாப்பாவுக்கும் விளையாட ஒரு துணையாச்சு. வாங்கட்டுமா?"

ஃபெரெட் என்பது முயல் வளைக்குள் புகுந்து விரட்டும், நீண்ட உடம்புள்ள ஒரு சிறு வீட்டு விலங்கு. கேள்வி ஒன்றுதான். அதற்குள் நாலைந்து தீர்மானங்கள் ஒளிந்திருக்கின்றன. முயலுக்கு ஃபெரெட்தான் வழியா? வேலைக்கு வளர்ப்பதா, வீட்டுக்கா? ஆணா, பெண்ணா? குட்டியா, காப்பகத்தில் இருக்கும் பெரியதா? அன்று போனில் அவசரமாகச் சொன்னதை இங்கே நிதானமாக எழுதுகிறேன். யார்க்‌ஷரில் பதினொரு வருஷமாக ஃபெரெட் வளர்க்கிறேன். இந்த விலங்கைப் பற்றித் தெரியாததால் வரும் கேட்டை என் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன்.

நம்மவர்கள் என் வீட்டுக்கு வந்ததும் முதலில் சொல்வது, "அட, கீரிப்பிள்ளை!" என்பதுதான். நீண்ட உடம்பு, குட்டைக் கால், துருதுருவென்ற மூக்கு எல்லாம் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் கீரி வேறு குடும்பம். அது காட்டுயிர், இந்தியாவில் அதை வீட்டில் வைத்திருப்பது சட்டப்படி குற்றம். ஃபெரெட் நீர்நாயின் உறவு. ஐரோப்பாவின் போல்கேட் என்ற காட்டு விலங்கைப் பழக்கி, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மனிதன் கூடவே வைத்திருக்கும் வீட்டு விலங்கு. நாய், பூனை எப்படியோ அப்படி. கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ ஸ்பெயின் பக்கத்து முயல் தொல்லையை விவரிக்கும்போது, வாய்க்கட்டுப் போட்டு வளைக்குள் விடப்படும் ஒரு சிறு விலங்கைப் பற்றி எழுதியிருக்கிறார். அது ஃபெரெட் என்றே பலர் கருதுகிறார்கள். இங்கிலாந்தில் 1390-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, வருஷத்துக்கு 40 ஷில்லிங் வருமானம் தரும் நிலம் இல்லாத சாமானியர்கள் வேட்டைநாயோ ஃபெரெட்டோ வலையோ வைத்திருக்கக் கூடாது என்று தடுத்தது. ஏழைகூட இதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு முயலைப் பிடித்துக் குடும்பத்துக்குச் சோறு போட்டுவிடலாம். பிரபுக்களுக்கு அதுதான் பயம்.

அந்த வளைக்குள் நுழையும் குணத்தை மனிதன் வேறு வேலைகளுக்கும் பயன்படுத்தினான். 1971-இல் சிகாகோவுக்கு அருகே, பின்னாளில் ஃபெர்மிலேப் என்று பெயர் பெற்ற ஆய்வகத்தில், நீளமான குழாய்களைத் துடைக்க வழி தெரியாமல் நின்றபோது ஃபெலிசியா என்ற ஃபெரெட்டைக் கொண்டுவந்தார்கள். அதன் உடம்பில் நூலைக் கட்டி ஒரு முனையில் விட்டால் மறுமுனையில் வெளியே வரும். அந்த நூலைக் கொண்டு துடைப்பானை இழுத்துக்கொள்வார்கள். லண்டனில் 1933-இல் மனித ஃப்ளூ வைரஸை முதன்முதலாகப் பிரித்தறிந்ததும் ஃபெரெட்டுகளால்தான். நமக்கு வரும் ஃப்ளூ அவற்றுக்கும் வரும். நான் இருமினால் இன்றைக்கும் கூண்டுப் பக்கம் முகக்கவசம் இல்லாமல் போவதில்லை.

இப்போது முயலுக்கு வருவோம்.

தம்பியின் தோட்டத்துக்கு இருக்கும் வழிகளில் முதலாவது வேலி. 31 மில்லிமீட்டர் கண் உள்ள கம்பிவலை, தரைக்கு மேல் 90 சென்டிமீட்டர் உயரம். அடியில் இன்னும் 15 சென்டிமீட்டரை முயல் வரும் பக்கமாக மடித்துத் தரையோடு படுக்க வைக்க வேண்டும். முயல் வேலியை ஒட்டித்தான் தோண்டப் பார்க்கும். மடித்த வலை அதன் காலுக்கடியில் கிடந்து தடுத்துவிடும். செலவு இருக்கிறது, ஒரு வார இறுதி முதுகு ஒடியும். ஆனால் எந்த உயிரும் சாகாது, பல வருஷம் நிற்கும்.

துப்பாக்கி அந்த இடத்துக்கு ஒத்துவராது. பக்கத்திலேயே வீடுகளும் நடைபாதையும் இருக்கின்றன. கூண்டுப் பொறி வைக்கலாம், ஆனால் தினமும் போய்ப் பார்க்க வேண்டும், சிக்கிய முயலை நம் கையாலேயே கொல்ல வேண்டும். தம்பியால் அது முடியாது என்று எனக்குத் தெரியும். வளைக்குள் அலுமினியம் பாஸ்பைடு போட்டுப் புகைப்பது பயிற்சிச் சான்றிதழ் உள்ளவர்கள் மட்டும் செய்யக்கூடிய வேலை. மண் ஈரத்தில் அது பாஸ்பீன் வாயுவாக மாறி, உள்ளே எது இருந்தாலும் கொன்றுவிடும். முயலா வேறு ஜீவனா என்று அதற்குத் தெரியாது.

ஃபெரெட் வேலை இவை எல்லாவற்றிலிருந்தும் வேறு மாதிரி. எங்கள் தெருவில் ஒரு பெரியவர் ஐம்பது வருஷமாக இதைச் செய்கிறார். முதன்முதலில் அவரோடு போன நவம்பர் காலை இன்னும் கண்ணில் நிற்கிறது. வயல் ஓரக் கரையில் பதினெட்டு வளைவாய்கள். ஒவ்வொன்றின் மேலும், பாட்டியின் சுருக்குப்பை மாதிரி இழுத்தால் மூடிக்கொள்ளும் வலையை விரித்து, முளையை மண்ணில் ஊன்றினார். ஒரு பேச்சில்லை, காலடிச் சத்தமில்லை. கீழே முயலுக்கு எல்லாம் கேட்கும். ஒரு பெண் ஃபெரெட்டின் கழுத்தில் சிறிய டிரான்ஸ்மிட்டர் பட்டையைக் கட்டி ஒரு வாயில் விட்டார். உள்ளே போனது. ஒரு நிமிஷம் எதுவும் நடக்கவில்லை. பிறகு காலுக்குக் கீழே தடதடவென்று அதிர்வு, படாரென்று ஒரு முயல் வெளியே பாய்ந்தது, வலை சுருங்கியது, நொடியில் கழுத்தை முறித்துவிட்டார். மதியத்துக்குள் ஒன்பது முயல். எல்லாம் சாப்பாட்டுக்குப் போனது. விஷம் கிடையாது, காயத்தோடு தப்பி எங்கோ கிடந்து சாகும் முயலும் இல்லை.

பெண்ணைத்தான் அவர் விடுவார். ஹாப் எனப்படும் ஆண், ஜில் எனப்படும் பெண்ணைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு எடை இருக்கும். வளைக்குள் முயலை மூலையில் மடக்கிக் கொன்றுவிட்டு, தின்று, அங்கேயே தூங்கிவிடக்கூடும். ஜில் சிறியது, முயலுக்கு அதைத் தாண்டி ஓட இடம் கிடைக்கும். அப்படியும் சில நாள் உள்ளேயே தங்கிவிடும். அந்தக் காலத்தில் பெரிய ஹாப் ஒன்றின் கழுத்தில் கயிறு கட்டி உள்ளே அனுப்பி, அது போய் நின்ற இடம்வரை தோண்டுவார்களாம். இப்போது டிரான்ஸ்மிட்டர் பட்டை ஆழத்தையே சொல்லிவிடுகிறது. ஆனாலும் தோண்டத்தான் வேண்டும். ஜனவரி மாத யார்க்‌ஷர் களிமண்ணில், இருட்டிய பிறகு, மூன்றடி ஆழம் தோண்டியிருக்கிறோம். ஃபெரெட்டை விட்டுவிட்டு வீட்டுக்கு வரும் ஆள் இந்த வேலைக்குத் தகுதியில்லை என்பது பெரியவரின் கட்சி, என்னுடையதும் அதுதான்.

பட்டினி போட்டால் ஃபெரெட் நன்றாக வேட்டையாடும் என்று ஒரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது. நேர்மாறு. பசித்த ஃபெரெட்தான் உள்ளே தின்று தூங்கும். வயிறு நிறைந்தது முயலை விரட்டிவிட்டு வெளியே வரும். பாலும் ரொட்டியும் போதும் என்பதும் அதே மாதிரிப் பழைய தப்பு. இது முழுக்க மாமிசம் தின்னும் விலங்கு, குடல் மிகக் குட்டை. மூன்று நான்கு மணி நேரத்தில் தின்றது வெளியே வந்துவிடும். எலும்போடு உள்ள பச்சை மாமிசமோ ஃபெரெட்டுக்கென்றே தயாரித்த தீவனமோ எப்போதும் கிடைக்க வேண்டும்.

ஆக, முயலுக்கு ஃபெரெட் நல்ல வழிதான், ஆனால் தம்பி நினைத்த விதத்தில் அல்ல. இந்த வேலை இலை உதிர்ந்த பிறகு, ஏறக்குறைய அக்டோபரிலிருந்து பிப்ரவரி வரைதான். வசந்தத்தில் வளைக்குள் முயல் குட்டிகள் இருக்கும். ஃபெரெட் வெளியே வராது. கீரை மேயப்படுவதோ மே, ஜூனில். மேலும் முயல்களின் வளை இருப்பது பக்கத்து விவசாயியின் கரையில். அவர் அனுமதி தராமல் ஒரு வலைகூட விரிக்க முடியாது. அதே கரையில், வளை தோண்டி வாழும் பேட்ஜர் என்ற காட்டு விலங்கின் வளையும் இருந்தால் அந்தப் பக்கமே போகக் கூடாது. 1992-ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் காக்கிறது. எந்த வளை யாருடையது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லப் பழக்கம் வேண்டும். இத்தனைக்கும் பிறகு முயல் குறையுமே ஒழிய ஒழியாது. ஆண்டுக்கு ஒருநாள் வேலைக்காகத் தம்பி ஒரு ஃபெரெட்டை வாங்குவதைவிட, தோட்டத்தைச் சுற்றி வேலி போட்டு, குளிர்காலத்தில் பெரியவரை அழைத்துக்கொள்வதே சரி என்றேன்.

பாப்பாவின் பங்கு இன்னும் மீதி இருக்கிறது.

வேலைக்கு ஒரு ஃபெரெட், வீட்டுக்கு ஒரு ஃபெரெட் என்று தனித்தனி ஜாதி கிடையாது. என்னிடம் இருந்த இரண்டு, சனிக்கிழமை வயலில் ஓடிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை என் மடியில் தூங்கின. வேட்டைக்குப் போவது கொடூரமாகிக் கடிக்கும் என்பதும் பொய். குட்டியிலிருந்து மனிதக் கை பட்டு வளர்ந்ததா என்பதைப் பொறுத்தது அது. முயல் வேலைக்கு வளர்ப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். வளை வாயில் கைநீட்டி எடுக்கும்போது கடிக்கிற ஃபெரெட்டை யார் வைத்துக்கொள்வார்கள்?

வீட்டில் வைத்தால் என்ன கிடைக்கும்? நாளில் 14 முதல் 18 மணி நேரம் தூங்கும் ஒரு ஜீவன். விழித்திருக்கும் நேரத்தில் வீட்டையே தலைகீழாக்கிவிடும். சந்தோஷம் வந்தால் முதுகை வளைத்து, பக்கவாட்டில் துள்ளித் துள்ளி, 'டூக் டூக்' என்று சத்தமிட்டு ஆடும். அதைப் பார்த்தவர்கள் அப்புறம் ஃபெரெட் இல்லாமல் இருப்பது கஷ்டம். அதன் ஆங்கிலப் பெயரின் வேரே லத்தீனில் திருடன் என்ற சொல். சாக்ஸ், சாவி, ரப்பர் எல்லாம் சோபாவுக்கடியில் போய்ச் சேரும். ரப்பரை விழுங்கினால் குடலில் அடைத்து உயிருக்கே ஆபத்து. சாய்வு நாற்காலியின் இயந்திரத்துக்குள் புகுந்து நசுங்கிச் செத்தவையும் உண்டு. வாஷிங் மெஷினைப் போடும் முன் ஒவ்வொரு முறையும் உள்ளே பார்ப்பது எனக்கு அனிச்சைச் செயலாகிவிட்டது. தினமும் நான்கு மணி நேரமாவது கூண்டுக்கு வெளியே, கண்காணிப்பில் ஓடவிட வேண்டும். அந்த நேரம் வீட்டில் யாரும் இல்லையென்றால் வாங்காதீர்கள். ஏற்கெனவே முயலோ கினிப் பன்றியோ வளர்க்கிறீர்கள் என்றாலும் வேண்டாம். ஒரே அறையின் வாசனை போதும், அவை நடுங்கிக்கொண்டிருக்கும்.

வாசனை பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். இருக்கும். கருத்தடை செய்யாத ஹாப் இனப்பெருக்கப் பருவத்தில் வீடு முழுக்க வாடை அடிக்கும். செய்தபின் பெருமளவு குறைந்து, மெல்லிய கஸ்தூரி வாசம் மட்டும் நிற்கும். அடிக்கடிக் குளிப்பாட்டினால் தோல் எண்ணெய் இன்னும் அதிகமாகச் சுரந்து வாடை கூடும். படுக்கைத் துணியைத் துவைப்பதுதான் வழி.

பெண் ஃபெரெட்டைப் பற்றி இனி எழுதுவதை மட்டுமாவது தயவுசெய்து மறக்காதீர்கள்.

என் முதல் ஃபெரெட் ஒரு ஜில். விளம்பரம் பார்த்து வாங்கினேன். விற்றவர் தீவனம் என்ன என்று சொன்னார், கூண்டு எங்கே கிடைக்கும் என்று சொன்னார், இதை மட்டும் சொல்லவில்லை. மார்ச் கடைசியில் அதன் பின்பக்கம் வீங்கியது. பருவம், தானாகச் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன். நாய்க்கும் பூனைக்கும் அப்படித்தானே. ஜூன் மாதம் ஒருநாள் ஈறு வெள்ளையாக இருந்தது, பின்னங்கால் தள்ளாடியது, வயிற்றில் கன்றிப்போன மாதிரி நீலத் திட்டுகள். கால்நடை மருத்துவரிடம் ஓடினேன். அவர்தான் விளக்கினார்: ஜில் தானாகக் கருமுட்டை வெளியிடாது, இணை சேர்ந்தால்தான் வெளியிடும். இணை சேராவிட்டால் கோடை முழுதும் பருவத்திலேயே நிற்கும். அவ்வளவு நாள் உடம்பில் தேங்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் எலும்பு மஜ்ஜையைச் செயலிழக்க வைத்து, ரத்தமே ஊறாமல் செய்துவிடும். ஃபெரெட்டுகளுக்கு நம்மைப்போல் ரத்த வகைப் பிரச்சினை இல்லாததால் பெரியவரின் ஹாப் ஒன்றிலிருந்து ரத்தம் எடுத்து ஏற்றினார்கள். இரண்டு நாள் தாங்கியது. மூன்றாம் நாள் போய்விட்டது.

அதனால் ஜில் வாங்குகிறவர் அதன் பருவத்தை என்ன செய்யப்போகிறார் என்பதை வாங்கும் முன்பே முடிவு செய்தாக வேண்டும். குட்டி போடவிடலாம் என்பார்கள் சிலர். 42 நாளில் எட்டுக் குட்டி வரும். இங்கே காப்பகங்கள் நிரம்பி வழிவதற்கு அதுவும் ஒரு காரணம். எட்டுக்கும் நல்ல வீடு இப்போதே தெரியாவிட்டால் அந்தப் பேச்சே வேண்டாம். முயல் வேலைக்கு வளர்ப்பவர்களில் பலர் வாசெக்டமி செய்த ஹாப் ஒன்றை வைத்திருக்கிறார்கள். அது சேர்ந்தால் ஜில்லுக்குக் கருமுட்டை வெளியாகும், பருவம் அடங்கும், குட்டி உண்டாகாது. பல ஜில்கள் வைத்திருப்பவருக்கு இது சிக்கனமான, மருந்தில்லாத வழி. ஆனால் ஆறு ஏழு வாரம் கழித்து மறுபடி பருவம் வரலாம், மறுபடி சேர்க்க வேண்டும். ஊரார் ஜில்களுக்கெல்லாம் ஒரே ஹாப்பைக் கொண்டுபோனால் நோயும் கூடவே போகும். சேரும்போது ஆண் ஜில்லின் பிடரியைக் கடித்து இழுப்பதைப் பாப்பா பார்க்கும்படியாகவும் இருக்கக் கூடாது.

ஹார்மோன் ஊசி போட்டுப் பருவத்தை நிறுத்துவது இன்னொரு வழி. வருஷா வருஷம் நாள் தவறாமல் போட வேண்டும். தவறினால் என் ஜில்லின் கதைதான்.

அறுவை சிகிச்சை ஒரேயடியாக முடித்துவிடும். நான் முதலில் இதைத்தான் சிறந்தது என்று நினைத்திருந்தேன். ஆனால் கருப்பையும் சினைப்பையும் எடுத்தபின், மூளையிலிருந்து வரும் கட்டளைக்குப் பதில் சொல்ல உறுப்பில்லாமல், சிறுநீரகத்தை ஒட்டியிருக்கும் அட்ரினல் சுரப்பி அந்த வேலையை எடுத்துக்கொள்ளக்கூடும். சில ஆண்டு கழித்து வால் பக்கத்திலிருந்து முடி உதிரத் தொடங்கலாம், கட்டி வளரலாம். ஹாப்புக்குக் கருத்தடை அறுவை செய்தாலும் இதே ஆபத்து உண்டு. அமெரிக்காவில் கடைக்கு வரும் குட்டிகளுக்கு மிகச் சிறு வயதிலேயே அறுவை செய்துவிடுகிறார்கள். அங்கே அட்ரினல் நோய் அதிகம் காணப்படுவதற்கு அதையும் காரணமாகச் சொல்கிறார்கள்.

நான் இப்போது நம்புவது டெஸ்லோரெலின் என்ற மருந்து உள்ள இம்ப்ளான்ட். அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரியது, தோலுக்கடியில் வைத்துவிடுவார்கள். மூளைக் கட்டளையையே அடக்குவதால் அட்ரினல் சுரப்பிக்கும் சுமை ஏறாது. இரண்டு ஆண்டு போல வேலை செய்யும், பல ஃபெரெட்டுகளில் அதற்கு மேலும். வைத்த புதிதில் கொஞ்ச நாள் பருவம் தூண்டப்படலாம், பொய்க் கர்ப்பமும் வரலாம். அதனால் வசந்தத்துக்கு முன்பே வைப்பது நல்லது. விலை அதிகம், மறுபடி மறுபடி வைக்க வேண்டும். இரண்டு மூன்று ஃபெரெட் வைத்திருக்கும் குடும்பத்துக்கு அந்தச் செலவு தாங்கும். முயல் வேலைக்கு முப்பது வைத்திருப்பவருக்குத் தாங்காது, அவருக்கு வாசெக்டமி ஹாப்தான்.

ஆணா பெண்ணா என்ற கேள்விக்கு இதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. வேலைக்கு ஜில். வீட்டுக்கு, அதிலும் முதன்முறை வளர்ப்பவருக்கு, கருத்தடையோ இம்ப்ளான்ட்டோ ஆன ஹாப். பெரியது, சாவதானமானது, பிள்ளைகள் தூக்கினால் அடங்கி இருக்கும். எதுவானாலும் ஒன்றாக வாங்காமல் இரண்டாக வாங்குங்கள். ஒன்றன் மேல் ஒன்று குவியலாகப் படுத்துத் தூங்குகிற ஜீவனைத் தனியாகப் போட்டு வைப்பது பாவம்.

குட்டியின் அழகு யாரையும் கவிழ்த்துவிடும். ஆனால் குட்டி கடிக்கும். கூடப்பிறந்தவற்றின் தடித்த தோலில் கடித்துப் பழகியதற்கு நம் விரல் மெல்லியது என்று தெரியாது. பொறுமையாகப் பழக்கப் பல வாரம் ஆகும். பத்து வயதுக் குழந்தை இரண்டு முறை ரத்தம் வரக் கடிபட்டால் அப்புறம் கூண்டைத் திறக்கவே பயப்படும், ஃபெரெட் கூண்டுக்குள்ளேயே முடங்கும். காப்பகத்தில் இருக்கும் இரண்டு, மூன்று வயது ஃபெரெட்டின் குணம் ஏற்கெனவே தெரிந்திருக்கும். கருத்தடையோ இம்ப்ளான்ட்டோ பெரும்பாலும் முடிந்திருக்கும். நாலைந்து வருஷமாவது கூட இருக்கும்.

காப்பகங்களில் நிற்பவற்றில் பல, தொலைந்து தெருவில் கண்டெடுக்கப்பட்டவை. விரலளவு இடுக்குக்குள் புகும் விலங்கு இது. வெளியே போனால் இங்கே பெரும்பாலும் பட்டினியிலோ வண்டியிலோ சாகும். பிழைத்தால் அது வேறு துயரம். முயலை அடக்க 19-ஆம் நூற்றாண்டில் நியூசிலாந்துக்குக் கொண்டுபோனவை காட்டில் பெருகிப் பறக்கத் தெரியாத பறவைகளை அழித்தன. 2002 முதல் அங்கே ஃபெரெட்டை விற்கவோ இனம்பெருக்கவோ கூடாது. வட அயர்லாந்தின் ராத்லின் தீவிலும் முயலுக்காக விட்டவை, மண்ணில் வளை தோண்டி முட்டையிடும் பஃபின் என்ற கடற்பறவைகளின் வளைக்குள் புகுந்தன.

இதைப் படிக்கும் சென்னை, மதுரை நண்பர்கள் நாமும் வளர்க்கலாமா என்று கேட்பார்கள். ஃபெரெட்டுக்கு வியர்த்து உடம்பைக் குளிர்வித்துக்கொள்ளத் தெரியாது. 30 டிகிரி தாண்டினாலே வெப்பத்தாக்கு வரும். இங்கேயே ஜூலையில் உறைந்த தண்ணீர் பாட்டில்களைத் துணியில் சுற்றிக் கூண்டில் வைக்கிறேன். நம்மூர் சித்திரை வெயிலில், மின்சாரம் போன ஒரு மதியம் போதும். வேண்டாம்.

தம்பி வேலிக்குக் கம்பிவலை வாங்கிவிட்டார். நவம்பரில் வருவதாகப் பெரியவர் சொல்லியிருக்கிறார், விவசாயியிடம் அனுமதியும் அவரே கேட்பார். வரும் சனிக்கிழமை நாங்கள் காப்பகத்துக்குப் போகிறோம். மூன்று வயதில் அண்ணன் தம்பியாக இரண்டு ஹாப்கள், சேர்த்துத்தான் தருவார்களாம். பாப்பா தன் பழைய ஜீன்ஸ் கால்களை வெட்டி, கூண்டில் கட்ட இரண்டு தூளி தைத்து வைத்திருக்கிறாள். ஒன்று போதும், இரண்டும் அதற்குள்தான் படுக்கும் என்று அவளிடம் இன்னும் சொல்லவில்லை.